பூந்திக்கொட்டையும் பொன்னகையும்

அணிகலன் என்னும் சொல்லை நினைக்குந்தோறும் தமிழ் பயின்ற நமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. ‘கலம்’ என்பது உண்ணும் பாத்திரத்தைக் குறிக்கும். கடலிற் செல்லும் மரக்கலத்தைக் குறிக்கும். மேனியிற் பூணும் அணியையும் குறிக்கும். ‘நகை’ என்னும் சொல்லோ இன்னும் அழகியது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் முதலில் வைத்த நகை, சிரிப்பாகும். சிரிக்கும்போது தோன்றும் பல்லின் ஒளியும் நகையே. ஒளி பொருந்திய அணியும் நகையே. ஆதலின் ஒளி மங்கிய நகை தன் பெயரையே இழந்து நிற்கிறது எனலாம். உண்கலத்தை நாள்தோறும் துலக்குகின்றனர். மரக்கலத்தைக் கரையேற்றிப் பாசி சுரண்டிப் பழுது பார்க்கின்றனர். மேனியிற் கிடக்கும் கலத்தை மட்டும், ‘பொன்னுக்கு ஏது அழுக்கு’ என்று ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவோர் ஒரு சாரார். சற்று மங்கியதும் அடுக்களையிற் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இட்டுத் தேய்ப்போர் மறு சாரார். இவ்விரு சாராருள் பின்னவரே பொன்னுக்குப் பெருங்கேடு செய்வோர் என்பது நம் கருத்து.

தமிழ்த்துறை மலரில் நகை துலக்கும் செய்தியா என்று மூத்தோர் சிலர் மூக்கின்மேல் விரல் வைக்கலாம். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் ஒரு வினாவிலன்றோ ஒரு பேரரசே கவிழ்ந்தது! அக்காப்பியத்தின் ஊர்காண் காதையிலேயே மதுரை மணிக்கடைத் தெருவும் மணிகளின் நலந்தீங்கும் விரிவாய்ப் பேசப்படுகின்றன. அன்றியும், இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவர்களுள் எத்துணைப் பேருடைய கல்விக் கட்டணம் தாயின் கழுத்துச் சங்கிலியாகவும் கைக்காப்பாகவும் வங்கிக்குச் சென்று மீண்டது என்பதை அவரவர் இல்லம் அறியும். பொன்னைப் பேணுதல் பெண்டிரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், தம் தேர்வுக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை உம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் இல்லத்தில் அச்சுமை இரண்டு கெட்டிக் காப்புகளின்மேல் விழுந்தது. உடன்பிறந்தார் நால்வரின் படிப்புக்கு, 1979 முதல் 1994 வரை, ஜூன் திங்கள்தோறும் உம்மாவின் காப்புகள் வங்கிக்குப் போயின. வாப்பாவுக்குச் சிறியதொரு துணிக்கடை. நோன்புப் பெருநாள் விற்பனை முடிந்தால்தான் காப்பு மீளும். பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்துகொண்டே இருப்பது. 1980 ஜூனில் போன காப்பு, ஆகஸ்டில் பெருநாள் வந்தமையால் இரண்டே திங்களில் வீடு திரும்பிற்று. 1993 ஜூனில் போனது 1994 மார்ச்சுப் பெருநாள் கழித்தே திரும்பிற்று. வட்டி ஏறியதும் இறங்கியதும் பிறையைப் பொறுத்திருந்தது என்று வாப்பா வேடிக்கையாய்ச் சொல்வார்கள்.

அடகுச் சீட்டுகளை உம்மா ஒன்றும் எறிந்ததில்லை. 1979ஆம் ஆண்டுச் சீட்டில் இரண்டு காப்பின் எடை 32.400 கிராம். 1994ஆம் ஆண்டுச் சீட்டில் 31.100 கிராம். அதே காப்பு, உடையவில்லை, வெட்டுப்படவில்லை, விற்கவுமில்லை. பதினைந்து ஆண்டுகளில் 1.300 கிராம் பொன் எங்கே போயிற்று? பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்ற உம்மாதான் சீட்டுகளை வரிசையாய் அடுக்கி இவ்வினாவை எழுப்பினார்கள். 2025ஆம் ஆண்டில் ஒரு சவரன், அதாவது 8 கிராம் அணிப்பொன், 80,000 ரூபாயைக் கடந்தது. அக்கணக்கிற் பார்த்தால் கரைந்துபோனது பதின்மூவாயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட பொருள். அன்றைய விலையிற் பார்த்தாலும் ஓர் ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்குக் குறையாது.

விடை எளியது. பொன் துருப்பிடிக்காது; ஆனால் தேயும். இருபத்து நான்கு காரட் பசும்பொன் மிக மென்மையானது. அணி செய்வதற்காக அதனோடு செம்பும் வெள்ளியும் கலந்து இருபத்திரண்டு காரட் ஆக்குகின்றனர். ஆயிரத்துக்கு 916 பங்கு பொன், எஞ்சியது கலப்பு. கலந்தபின்னும் அது மென்மையான உலோகமே. உம்மா அக்காலத்தில் காப்பைத் துலக்கியது உமிக்கரியால். பிற்காலத்தில் கடையில் வாங்கிய வெள்ளைப் பற்பொடியால். உமியின் சாம்பலிற் பெரும்பகுதி மணற்சத்து. பற்பொடியில் இருப்பதோ சுண்ணாம்புக் கல்லின் மாவு. அதுவும் பொன்னினும் கடினமானதே. தேய்க்குந்தோறும் அவை அரம்போல அறுத்துப் பொன்னைத் துகளாய்க் கழுவுநீரோடு அனுப்பிவிடும். பளபளப்பு வருவது உண்மை. பழைய மேற்பரப்பு போய்ப் புதிய மேற்பரப்பு வெளிப்படுவதால் வரும் பளபளப்பு அது. ஒரே கையில் இரண்டு காப்பையும் சேர்த்துப் பூண்டதனால் ஒன்றோடொன்று உரசியது மற்றொரு காரணம். வங்கியில் ஆண்டுதோறும் உரைகல்லில் இழுத்த கோடுகளையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது மிகச் சிறிதுதான்.

பொன் தேய்வதற்குச் சான்று வேண்டுவோர், பொற்கொல்லர் வாழும் தெருக்களில் விடியலில் நடந்து பார்க்கலாம். பட்டறைகளின் முன்னுள்ள மண்ணையும் சாக்கடைக் கசடையும் கூட்டி அள்ளி, தட்டில் அரித்து, அதில் கிடைக்கும் பொன்துகளைக்கொண்டு பிழைக்கும் ஏழை மக்கள் உளர். அவர்கள் துகளைத் திரட்டப் பாதரசத்தைப் பயன்படுத்துகின்றனர். அப்புகை அவர்தம் உயிரைத் தின்கிறது. அது தனியே எழுதத் தக்க துயரம்.

பொன்னில் அழுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொன்னின் அழுக்கன்று. வியர்வை, எண்ணெய், மேற்பூச்சுப் பொடி, மாவு, தூசி ஆகியவை கண்ணிகளின் இடுக்கிலும் கல்லின் அடியிலும் சேர்ந்து இறுகுவதே அழுக்கு. சில நகை சற்றே கறுப்பதும் உண்டு. அது கலப்பிலுள்ள செம்பும் வெள்ளியும் காற்றோடும் வியர்வையோடும் கூடிச் செய்யும் வேலை. கலப்பு மிகுந்தால் கறுப்பும் மிகும். 1963ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்யலாகாது என்று விதிக்கப்பட்டபோது பொற்கொல்லர் குடும்பங்கள் பல தொழிலிழந்து தவித்தன. அக்காலத்து நகை ஏதேனும் ஓர் இல்லத்தில் எஞ்சியிருப்பின், அது அடிக்கடி நிறம் மங்குவதைக் காணலாம். அதில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கலப்பு என்பதே காரணம், செய்தவர்மேல் பழியில்லை.

இனிப் பூந்திக்கொட்டைக்கு வருவோம். பொன்னாங்கொட்டை என்றும் சில ஊர்களில் இதனை வழங்குவர். அப்பெயரின் பொருத்தத்தை என்னென்பது! நம் உம்மம்மாவுக்கு நகை துலக்கும் நாள் என்று ஆண்டில் ஒரு நாள் இருந்தது. நோன்புக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் ஒரு வெயில் நாள். ஸகாத்துக்காக நகையை எடைபோடுவதற்கு முன், அழுக்கின் எடை பொன்னின் கணக்கில் சேர்ந்துவிடலாகாது என்பது அவர்கள் எண்ணம். பூணும் நகைக்கு ஸகாத் கடமையா என்பதில் ஹனபி வழியினருக்கும் ஷாபிஈ வழியினருக்கும் வேறுபாடுண்டு. அதனை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். எடை போடும் வழக்கம் எவ்வழியினருக்கும் நன்மையே தந்தது என்பதை மட்டும் ஈண்டுச் சொல்லி வைக்கிறோம்.

முதல்நாள் இரவே ஏழெட்டுப் பூந்திக்கொட்டைகளை உடைத்து, உள்ளிருக்கும் கரிய விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ஒரு செம்பு நீரில் ஊறவைப்பார்கள். காலையில் பிசைந்தால் நுரை பொங்கும். இந்நுரைக்குக் காரணமான பொருளைச் சப்போனின் என்பர் அறிவியலார். எண்ணெய்ப் பசையைப் பற்றி இழுத்து நீரோடு கலக்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. மணல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஆகையால் அறுப்பதும் இல்லை. பிசைந்த நீரை வெண்துணியில் வடிகட்டி, கைபொறுக்கும் சூட்டுக்கு மேற்படாத வெந்நீர் கலந்து, அகன்ற வெண்கலத் தாம்பாளத்தில் ஊற்றிக் கல்லில்லாத நகைகளை அரைமணி நேரம் அதில் கிடத்துவார்கள். குழாயடியிலோ கிணற்றடியிலோ நகை கழுவுவதை உம்மம்மா ஒருபோதும் ஒப்பியதில்லை. ‘ஓடுற தண்ணிக்கும் பொன்னுக்கும் ஆகாது, வாப்பா’ என்பார்கள். திருகாணி ஒன்று நழுவினால் சாக்கடை விழுங்கிவிடும் என்பதே அதன் பொருள்.

ஊறிய நகையை மென்மையான தூரிகையால், அழுத்தாமல், கண்ணியின் போக்கிலேயே வருட வேண்டும். குழந்தைகளுக்கென விற்கும் பல் துலக்கி இதற்கு மிகப் பொருத்தம். சங்கிலியை முறுக்கிப் பிழிதல் ஆகாது. பிறகு இரண்டு முறை தூய நீரில் அலசி, பலமுறை துவைத்து இளகிய மல்துணியில் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். கழுவிய நீரையும் உம்மம்மா உடனே கொட்டுவதில்லை; மெல்லிய துணியில் வடித்துப் பார்த்தபின்னரே கொட்டுவார்கள். ஒருமுறை தோட்டின் சிறு அரும்பு ஒன்று அத்துணியில் அகப்பட்டது. பூந்திக்கொட்டை கிடைக்காத ஊரில், சலவைக்கன்றிக் கைகழுவ உதவும் மென்மையான நீர்மச் சோப்பு இரண்டு சொட்டு அதே வேலையைச் செய்யும்.

துலக்குவதினும் பெரிய பயன், துலக்கும்போது பார்ப்பது. கொக்கி அகன்றிருக்கிறதா, பற்றாசு விட்டிருக்கிறதா, திருகாணியின் மரை தேய்ந்திருக்கிறதா, கல் ஆடுகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்க இதனினும் நல்ல தருணம் வேறில்லை. நகையைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் தளர்ந்த கல் ‘கிடுகிடு’ என்று ஒலிக்கும். காணாமற்போன நகைகளிற் பல திருடரால் போனவை அல்ல. தேய்ந்த ஒரு வளையத்தால் போனவை.

வைரத்தைப் பற்றி ஒரு சொல். வைரம் எண்ணெயை விரும்பி ஈர்க்கும் கல். தென்னாப்பிரிக்கக் கிம்பர்லிச் சுரங்கங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கொழுப்புப் பூசிய பலகையின்மேல் நீரோடு மணலை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்தனர்; மற்றக் கற்கள் வழுக்கிச் செல்ல, வைரம் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தேய்த்த கூந்தலுக்கு அருகில் நாள் முழுதும் இருக்கும் வைரத்தோடு மங்குவதன் காரணம் இதுவே. கல் கெட்டுவிட்டதென அஞ்சற்க. பின்புறம் திறந்த தோடாயின், பூந்திக்கொட்டை நீரால் அடிப்பக்கத்தைத் துலக்கினாற் போதும்; ஒளி மீண்டுவிடும்.

பின்புறம் மூடிய பழைய நகைகளின் நிலை வேறு. நம் ஊர்ப் பக்கங்களில் முதியோர் காதில் அலுக்கத்தும், கழுத்தில் சிவப்பும் பச்சையும் பதித்த பதக்கமும் பூண்டிருந்ததை இளைய தலைமுறை படத்தில்தான் கண்டிருக்கும். அத்தகைய நகைகள் பலவற்றின் உள்ளே அரக்கு நிரம்பியிருக்கும். கல்லுக்கு அடியில் ஒளிமிக்க மெல்லிய தகடு வைத்து மூடியிருப்பர். வெந்நீரில் அரக்கு இளகும். தண்ணீரேயாயினும் இடுக்கில் புகுந்தால் அத்தகடு கறுத்துக் கல் நிரந்தரமாய் இருண்டுவிடும். நம் உறவில் ஓர் இல்லத்தில், மூன்று தலைமுறையாக வந்த பதக்கம் ஒன்றைத் திருமணத்துக்கு முதல்நாள் சோப்பு நீரில் ஊறவைத்தனர். மறுநாள் பதினோரு சிவப்புக் கற்களில் ஏழு, பழைய குருதியின் நிறத்தில் கிடந்தன. அதைச் செய்த கையும் இல்லை, அவ்வேலை அறிந்த கையும் இன்று அரிது. இத்தகைய நகைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தலே போதும். மிகுந்தால் துணியின் ஓரத்தைச் சற்றே ஈரமாக்கிப் பொன் பகுதியை மட்டும் ஒற்றலாம். முழுக்காட்டுதல் கூடவே கூடாது.

முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் கரையில் வாழ்ந்த நம்மவர்க்கு முத்தைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. கொற்கையும் காயலும் கீழக்கரையும் முத்தால் பெயர் பெற்றவை. மூச்சடக்கிக் கடலில் மூழ்கியோரும், முத்தைச் சல்லடையில் தரம் பிரித்தோரும், அதனைக் கடல் கடந்து விற்றோரும் நம் முன்னோருள் உளர். தூத்துக்குடிப் பகுதியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் சிப்பிப் படுகைகள் அத்தொழிலுக்குப் போதுமான வளத்தோடு மீளவில்லை. 1973இல் அதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினர். எனினும் அக்கரையின் பழைய வாழ்வு திரும்பவில்லை. இன்று நம் இல்லங்களில் உள்ள இயற்கை முத்து, இனிப் பெறுதற்கரிய பொருள். ஆனாலும் அதைப் பேணும் அறிவு, முத்து குறைந்ததினும் விரைவாகக் குறைந்துவிட்டது.

முத்து என்பது கல்லன்று. ஓர் உயிரின் செயல். சுண்ணாம்புச் சத்து, மெல்லிய ஏடுகளாய், உயிர்ப்பசையால் ஒட்டப்பட்டு அடுக்கடுக்காய்ப் படிந்தது. புளிப்பு எதுவாயினும் அதனைத் தின்னும். புளி, எலுமிச்சை, காடி மட்டுமல்ல. வியர்வையும் அத்தரும் கூந்தல் தைலமும் நாளடைவில் அதன் ஒளியை மழுக்கும். திருமண வீட்டில் எலுமிச்சைச் சாறு கலந்த மருதாணியை, முத்து மோதிரம் பூண்ட விரலிலேயே இடுவதைக் காணும்போது நமக்கு நெஞ்சு பதைக்கும். அத்தர் முதலில், முத்து இறுதியில். கழற்றும்போது முத்து முதலில். இந்த ஒழுங்கு ஒன்றே போதும். கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை துடைத்து வைத்தல் வேண்டும். ஊறவைத்தல் ஆகாது, கோத்த பட்டுநூல் நனைந்து இற்றுப்போகும். முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோப்பது அழகுக்காக மட்டுமன்று. நூல் அறுந்தால் ஒன்று உருளும், மற்றவை நிற்கும். மற்றொன்று, முத்தை ஆண்டுக்கணக்கில் வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைப்பதும் நன்றன்று. ஈரமற்ற காற்றில் நெடுநாள் கிடந்தால் அது வெடிப்பு விடக்கூடும். பவளமும் இக்குலத்ததே, முத்துக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

மரகதத்தில் இயல்பாகவே உள்வெடிப்புகள் உண்டு. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டி விற்பது உலகெங்கும் வழக்கம். சுடுநீரும் வலிய சோப்பும் அவ்வெண்ணெயை வெளியேற்றிவிட்டால், உள்ள குறையெல்லாம் ஒரே நாளில் தெரியும். கடைகளில் ஒலியலையால் நகை துலக்கும் கருவி உண்டு. கல்லில்லாக் கெட்டிப் பொன்னுக்கு அது நன்று; மரகதத்துக்கும் முத்துக்கும் அரக்கு நகைக்கும் அது பகை.

வெள்ளியைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தோடு கூடி அது கறுக்கிறது. முட்டையும் வெங்காயமும் ரப்பரும் அதற்கு ஆகாதவை. கொலுசை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால் கட்டிய இடம் கருங்கோடாய் நிற்பதைக் காணலாம். அலுமினியத் தாளை ஒரு கிண்ணத்தின் அடியில் விரித்து, வெந்நீரும் ஆப்பச் சோடாவும் இட்டு, வெள்ளி அத்தாளைத் தொடுமாறு கிடத்தினால், சில நிமிடங்களில் கருமை நீங்கும். இம்முறையின் சிறப்பு, கறுத்த வெள்ளி தேய்ந்து போகாமல் மீண்டும் வெள்ளியாகவே மாறுவதுதான். கறுப்பை அழகுக்கென்றே ஏற்றிய வேலைப்பாடுகளுக்கும் கல் பதித்தவற்றுக்கும் இது வேண்டாம். கவரிங் நகைக்கோ எதுவும் வேண்டாம்; பூண்டு கழற்றியதும் பஞ்சால் துடைத்து வைத்தாற் போதும். தேய்த்தால் மேற்பூச்சு போய்ச் செம்பு சிரிக்கும்.

பொன்னுக்குப் பெரும்பகை இரண்டு வீட்டுக்குள்ளேயே உண்டு. ஒன்று, தரை துடைக்கும் வெளுப்புத்தூள். அதிலுள்ள குளோரின் கலப்பு உலோகத்தையும் பற்றாசையும் அரித்து இணைப்பைத் தளர்த்தும். மற்றொன்று பாதரசம். உடைந்த பழைய வெப்பமானியிலிருந்து சிதறிய ஒரு துளியைக் குழந்தை மோதிரக் கையால் தொட்டுவிட்டால், மோதிரம் நொடியில் வெள்ளிபோல் வெளுத்துப் பின் நொறுங்கத் தொடங்கும். அதைத் துலக்கிப் போக்க முயலற்க. அடுப்பில் காய்ச்சிப் போக்குகிறோம் என்பது, அப்புகையை மூச்சிழுத்து நஞ்சுண்பதாகும். அது பயிற்சியும் கருவியும் உள்ளவர் வேலை.

வெளியிலிருந்து வரும் பகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘நகைக்கு மெருகு போடலியோ’ என்று தெருவில் வருவோரின் திறமை, நம் உம்மம்மா காலத்திலும் இருந்தது, இன்றும் ஓயவில்லை. முதலில் பித்தளைக் குத்துவிளக்கையோ கொலுசையோ பணமில்லாமல் பளிச்சென ஆக்கிக் காட்டுவர். நம்பிக்கை வந்ததும் சங்கிலி வெளியே வரும். அவர்தம் கிண்ணத்திலுள்ள நீர், வெறும் நீரன்று. நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் கலந்த இராசத் திராவகம். வேறெந்த அமிலத்துக்கும் அசையாத பொன் அதில் கரையும். சங்கிலி பொலிவோடுதான் திரும்பி வரும். கரைந்த பொன், கிண்ணத்தோடு தெருமுனை தாண்டும். இன்னும் துணிந்தோர், நகையை மஞ்சள்தூள் கலந்த நீரில் இட்டு மூடி, ‘இருபது நிமிடம் கழித்துத் திறவுங்கள் அம்மா’ என்று சொல்லி அகல்வர். திறந்தால் மஞ்சள் இருக்கும், நகை இராது.

அண்டை வீட்டு மாமி ஒருவரின் மூன்று சவரன் சங்கிலி இப்படித்தான் 24 கிராமிலிருந்து 21.600 ஆயிற்று. மாமிக்கு அது ஓராண்டு தெரியாது. மகள் பேறுகாலச் செலவுக்கு விற்கப் போனபோது, தராசு சொல்லிற்று. ‘என் கண்ணு முன்னாலதானே கழுவினான்’ என்று மாமி திரும்பத் திரும்பச் சொன்னது நம் செவியில் இன்றும் இருக்கிறது. வீட்டாருக்குச் சொன்னால் ஏச்சு விழும் என்று அந்தக் குறையை அவர்கள் நெடுநாள் மறைத்தும் வைத்தார்கள். பொன்னை இழந்த துன்பத்தினும், அறியாதவள் எனப் பெயரெடுக்கும் அச்சம் பெரிதாயிருந்தது. இவ்வச்சமே அத்தெருத் திருடர்களின் முதலீடு.

கடையிற் போடும் மெருகும் தேய்ப்பே என்பதை மறக்கலாகாது. சுழலும் சக்கரத்தில் நகையைப் பிடித்தால் பொன் துகளாய்ப் பறக்கும். அத்துகளைச் சேர்த்து உருக்குவது அத்தொழிலின் வழக்கம். ஆதலின் மெருகுக்குக் கொடுக்குமுன் நம் கண்ணெதிரே எடை, வாங்கும்போது எடை என்று கேட்பதில் நாணம் வேண்டாம். நேர்மையான வணிகர் அதற்கு வருந்துவதில்லை. ஹால்மார்க் முத்திரை பொன்னகைக்கு 2000ஆம் ஆண்டில் வந்தது. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரலுக்குப் பின் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் இல்லாத பொன்னகையைக் கடையில் விற்றலாகாது. மணல்போல் நுண்ணிய அம்முத்திரையை அடிக்கடி மெருகிட்டால் மழுங்கிவிடும். பழைய நகைக்கு முத்திரை இல்லையே என்று அஞ்சி அதனை விற்றுவிட வேண்டியதும் இல்லை. வைத்துப் பூணத் தடையேதும் கிடையாது.

உம்மா உமிக்கரியையும் பற்பொடியையும் விட்டொழித்தது 1994இல். அவ்வாண்டு முதல் கைக்கொரு காப்பு. ஆண்டுக்கிரு முறை பூந்திக்கொட்டை. அக்காப்புகள் இப்போது நம் தங்கையிடம் உள்ளன. அண்மையில் எடையிட்டபோது 30.940 கிராம் இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூண்டும் 160 மில்லிகிராமே குறைந்திருக்கிறது. அவற்றை மாற்றிப் புதிய வடிவில் வாங்கலாம் என்று கடைக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். தங்கை தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். பழைய பொன்னுக்குக் கழிவு, புதிய பொன்னுக்குச் செய்கூலி, சேதாரம், அதன்மேல் வரி. கூட்டிப் பார்த்துவிட்டுக் காப்பை மீண்டும் கையிலேயே இட்டுக்கொண்டாள்.

வைக்கும் முறையும் சிறிது. ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில். வைரம் எதனோடும் சேராமல், ஏனெனில் அது மற்ற எல்லாவற்றையும் கீறும். செய்தித்தாளில் சுற்றுதல் வேண்டாம். ஒவ்வொரு பையிலும் எடையும் நாளும் எழுதிய சிறு சீட்டு.

இச்சீட்டு வழக்கத்தை நமக்குக் கற்பித்தவர்களும் உம்மம்மாவே. தமிழ் எழுத்து அவர்களுக்கு வராது, அரபுத்தமிழில் எழுதுவார்கள். பழுப்பேறிய குறிப்பேடு ஒன்றில், வலமிருந்து இடமாக, நகையின் பெயர், எடை, கல்லின் எண்ணிக்கை, எவர் சீராய்க் கொடுத்தது, எந்த ஆண்டு எந்தக் கண்ணி மாற்றியது என்று எல்லாம் இருந்தது. அவர்கள் மறைந்தபின் பாகம் பிரிக்க அமர்ந்த அன்று, பத்தர் தராசோடு வந்தார். எடுத்த நகை ஒவ்வொன்றும் ஏட்டில் எழுதிய எடைக்கு ஓரிரு மணி அளவே குறைந்திருந்தது. உம்மாவும் பெரியம்மாவும் மாமாக்களும் ஒரு சொல்லும் உரக்கப் பேசாமல் அலுவல் முடிந்தது. அத்தகைய அமர்வுகளில் உடன்பிறந்தார் பேச்சற்றுப் போன குடும்பங்களை நாம் அறிவோம். அதனால் அந்த அமைதியை நாம் சிறிதாய் எண்ணவில்லை.

ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எடை எழுதாத ஒன்று இருந்தது: ‘பிள்ளைத் தண்டை, வெள்ளி, ஒன்று’. இரண்டு வயதில் அம்மை கண்டு இறந்த மகனுடையது என்று பெரியம்மா சொன்னார்கள். பெட்டியின் அடியில், வெண்துணியில் பொதிந்து, கரிபோல் கறுத்துக் கிடந்தது. ஷஅபான்தோறும் எல்லா நகையும் தாம்பாளத்துக்கு வந்தபோதும் அது மட்டும் வந்ததில்லை. பத்தர் தம் வழக்கப்படி அதனையும் துலக்கித் தரவா என்று கேட்டார். உம்மா வேண்டாம் என்று கையமர்த்தி, அதனை அதே துணியில் பொதிந்தார்கள்.